முதலில் ரோஸ்டரைக் காட்டுங்கள்

"தொடர் வாண்மை விருத்தி நிகழ்ச்சிகளில் பங்குபற்றுவது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது." முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றாக உடன்படவில்லை. ஐந்தில் ஒன்றுக்குச் சரி போடவேணும்.

இந்த வசனத்தைத் தமிழாக்கியது நாங்கள்தான். எங்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற தோழி ஒருத்தி தாதியியல் படிக்கிறாள். தாதியர் தொடர்ந்து கற்பது பற்றி என்ன மனப்பாங்கோடு இருக்கிறார்கள் என்பது அவளுடைய இறுதி வருட ஆய்வு. வினாக்கொத்து ஆங்கிலத்தில் இருந்தது. கலைப்பீடக்காரருக்கு வேறென்ன வேலை, மொழிபெயர்த்துத் தாங்கோ எண்டு கொண்டுவந்து போட்டாள். இரண்டு இரவு இருந்து செய்து கொடுத்தோம். ‘தொழில்சார்’ என்று போடுவதா ‘வாண்மை’ என்று போடுவதா என்று சண்டையும் பிடித்தோம். ‘வாண்மை’ வென்றது. பரீட்சார்த்தமாக நிரப்பக் கொடுத்த முதலாவது தாதி அக்கா கேட்ட முதல் கேள்வி: "வாண்மை எண்டா என்ன பிள்ளை?"

அந்த வெட்கம் ஒரு பக்கம். மொழிபெயர்த்து முடிக்கும்போது எங்களை உறுத்தியது வேறொன்று. கேள்விகள் எல்லாம் தாதியின் மனதுக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தன. விருப்பமா, முக்கியமென்று நினைக்கிறீர்களா, ஆர்வமா, நம்பிக்கையா. நேற்று எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. உங்கள் விடுதியில் இரவு எத்தனை நோயாளருக்கு எத்தனை பேர் நின்றீர்கள் என்று இல்லை. படித்ததைச் செய்ய விட்டார்களா என்று இல்லவே இல்லை. குற்றவாளி யாரென்று தீர்மானித்துவிட்டு விசாரணைக்குப் போகிற பொலிஸ் மாதிரி இருந்தது அந்தத் தாள்.

தோழியைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் சொல்லுவதைத்தான் அந்தத் தாளும் கேட்டது. "மிஸிமாருக்குப் படிக்க விருப்பமில்லை. அரசாங்க வேலை கிடைச்சவுடன புத்தகத்தை மூடிவிடுவினம். பிறகு போனை நோண்டிக்கொண்டு இருப்பினம்." இதைக் கூட்டங்களில் அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம், பேஸ்புக்கில் வாசித்திருக்கிறோம், ஓட்டோவில் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் ஒரு பிழை நடந்த அடுத்த நாள் இந்தக் குரல் இன்னும் சத்தமாகும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். தாதியின் அறிவு பழசாகிற அறிவு. 2005இல் படித்து வெளியே வந்த ஒருவர், மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும் ஆளுக்கு முதலில் சுவாசப் பாதையைத் திறந்து, பிறகு மூச்சுக் கொடுத்து, அதன் பிறகே நெஞ்சை அழுத்தவேணும் என்றுதான் படித்திருப்பார். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையையே மாற்றியது. முதலில் நெஞ்சை அழுத்து என்றது. 2015இல் வேகத்தையும் திருத்தி, நிமிடத்துக்கு 100இலிருந்து 120 தடவை என்றது. கனுலாவை மூன்று நான்கு நாளுக்கொருக்கால் கட்டாயம் மாற்றவேணும் என்பது ஒரு காலத்துப் பாடம். இப்போது பல வழிகாட்டல்கள், நாளை எண்ணாதே, ஒவ்வொரு கடமையிலும் அந்த இடத்தைப் பார், வலி, வீக்கம், சிவப்பு இருந்தால் உடனே கழற்று என்கின்றன. படிப்பு நின்றால் நோயாளி கஷ்டப்படுவார். இதில் எங்களுக்கு வாதமில்லை.

ஆனால் ஒரு கதை சொல்லவேணும். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இடுப்பெலும்பு முறிந்து வாட்டில் கிடந்தா. மூன்றாம் நாள் குதிக்கால் சிவந்துவிட்டது. ஒரு மூத்த மிஸி வந்தா. நல்ல மனுசி, சனத்தோடு வடிவாகக் கதைக்கிறவ. ஸ்பிரிட்டும் பவுடரும் கொண்டுவந்து குதிக்காலையும் முதுகையும் அழுத்தித் தேய்த்து விட்டா. அம்மம்மாவுக்குச் சந்தோசம். பக்கத்தில் ஓர் இளம் மிஸி நின்று பார்த்துக்கொண்டிருந்தா, முகம் ஒரு மாதிரி. பின்னேரம் தனியக் கேட்டபோது மெதுவாகச் சொன்னா: "சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. உள்ளுக்க தசை ஏற்கெனவே நசிஞ்சிருக்கும், தேய்ச்சா இன்னும் பழுதாகும். திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கவேணும், குதிக்கால் கட்டில்ல முட்டாமத் தூக்கி வைக்கவேணும். ஆனா அக்கா இருபத்திரண்டு வருசம் சேர்விஸ். நான் வந்து எட்டு மாசம்."

அந்த வாட்டில் அறிவு இல்லாமல் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது, வாய் திறக்க ஏலாமல் நின்றது. அந்த இளம் மிஸியைப் பத்துப் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினாலும் அந்தக் குதிக்காலுக்கு ஒன்றும் நடந்திருக்காது. (நாங்களும் வாய் திறக்கவில்லை. மிஸியோடு கதைத்தால் அம்மம்மாவை வடிவாகப் பார்க்காயினம் என்ற பயம். அதிகாரப் படிநிலை பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்படை எழுதுகிற எங்களுக்கும் அந்த இடத்தில் வாய் வரவில்லை.)

மூத்த மிஸிக்குப் ‘படிக்க விருப்பமில்லை’யா? எங்களுக்குத் தெரியாது. ஆரும் அவவிடம் சொன்னார்களா என்பதுதான் முதல் கேள்வி.

விருப்பத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் ஒருக்கால் யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளின் போஸ்ரர்களைப் பார்க்கவேணும். ஓஈரி, ஐஈஎல்ரிஎஸ். தாதிகள் இரவுக் கடமை முடித்து, குளித்து, நித்திரையில்லாத கண்ணோடு போய் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று நான்கு பகுதியையும் சொந்தக் காசில், சொந்த நேரத்தில், பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுப் படிக்கிறார்கள். 2022 யூனில் அரச ஊழியர் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபின் இந்தக் கூட்டம் இன்னும் பெருத்தது. பிரித்தானியாவுக்குப் போய்ப் பதிவெடுக்கிற தாதி, 2016இலிருந்து அங்குள்ள விதிப்படி, மூன்று வருடத்துக்கொருக்கால் 35 மணித்தியாலக் கற்றலைக் காட்டினால்தான் பதிவைப் புதுப்பிக்கலாம். அதில் 20 மணித்தியாலம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்கவேணும். தான் கற்றதையும் செய்ததையும் பற்றி ஐந்து குறிப்பு எழுதி, இன்னொரு தாதியோடு இருந்து கதைக்கவும் வேணும். எங்கள் அக்காமார் அதைச் செய்கிறார்கள்.

இங்கே மனப்பாங்கு இல்லாதவருக்குக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினவுடன் மனப்பாங்கு வந்துவிடுகிறதா? அங்கே கற்றலின் மறுமுனையில் ஏதோ ஒன்று இருக்கிறது. பதிவு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. இங்கே மறுமுனையில் என்ன இருக்கிறது? பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு சேட்டிபிக்கற்.

இனி ரோஸ்டருக்கு வருவோம். காலை ஏழிலிருந்து ஒரு மணி, ஒன்றிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து விடிய ஏழு. இதுதான் எங்கள் அரச ஆஸ்பத்திரிகளில் தாதியரின் கடமை நேரம். ஆட்கள் போதாத இடத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டும். காலைக் கடமை முடித்தவர் அப்படியே பின்னேரமும் நிற்பார், அது ஓ.ரி. அந்த ஓ.ரி. காசில்தான் வீட்டு லோன் ஓடுகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலதிக நேரக் கணிப்பை மாற்றப் போகிறார்கள் என்றதும் தாதியர் மதிய இடைவேளையில் பதாகையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது சும்மாவா? அப்படியான ஒருவரை ஒரு முழுநாள் பயிற்சிக்கு வாவென்று கூப்பிட்டால் அவர் இழப்பது ஓய்வுநாளை, அல்லது ஒரு ஓ.ரியை. கடமை நேரத்தில் விடுவியுங்கள் என்றால் சிஸ்டர் ஆரை விடுவிப்பா? விடுதியில் நிற்பதே இரண்டு பேர். கடைசியில் ஆர் இல்லாவிட்டாலும் வேலை ஓடுமோ அவரே ஒவ்வொரு பயிற்சிக்கும் போவார். ஓர் அக்கா சிரித்துக்கொண்டு சொன்னா: "எங்கட வாட்டில எல்லா ட்ரெயினிங்கும் முடிச்சது ஒரே ஆள்தான். அவவுக்கு முதுகுநோ, கடினமான வேலைக்கு விடேலாது."

நீண்ட பயிற்சி என்றால் கதை வேறு. தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், சிஸ்டர் தரத்துக்கான படிப்பு என்று பலதுக்குக் கொழும்புக்குப் போகவேணும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நானூறு கிலோமீற்றர், இரவு பஸ். அங்கே மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கவேணும். தாதியரில் பெரும்பான்மை பெண்கள். இரண்டு வயசுப் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தி விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் அதை ‘ஆர்வமின்மை’ என்ற பெட்டிக்குள் போடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் அவளின் புருசனின் மனப்பாங்கு, மாமியின் மனப்பாங்கு, ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையம் கட்டாத அமைச்சின் மனப்பாங்கு எல்லாம் கிடக்கிறது. அவையளுக்கு ஆரும் வினாக்கொத்துக் கொடுக்கிறதில்லை.

சரி, எல்லாத்தையும் தாண்டிப் படித்தவர்களுக்கு என்ன நடக்கிறது? திறந்த பல்கலைக்கழகம் 1994இலிருந்து தாதியியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. வேலை செய்துகொண்டே, ஒப்படை எழுதி, சனி ஞாயிறு வகுப்புக்குப் போய், வருடக்கணக்காக இழுபட்டுப் பட்டம் எடுத்த அக்காமார் எத்தனையோ பேர். பட்டத்தோடு திரும்பி வந்தால் அதே விடுதி, அதே ரோஸ்டர், அதே மருந்து ட்ரொலி. பதவியுயர்வுக்குச் சேவைக்காலமும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையும். "படிச்சதை வைச்சு என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டோம். "டொக்டரிட்ட ஒண்டு சொல்லிப் பார்த்தன். உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது எண்டு கேட்டார். பிறகு சொல்லுறேல்ல." நாலு வருட உழைப்பு அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது.

மொழியையும் சொல்லாமல் விட ஏலாது, அது எங்கள் துறை. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளை தாதியர் கல்லூரியில் ஆங்கிலத்துக்குள் விழுகிறது. ஒருமாதிரி நீந்திக் கரையேறுகிறது. பிறகு வேலையில் நோயாளியோடு தமிழ், பதிவேட்டில் ஆங்கிலம், கொழும்பிலிருந்து வருகிற சுற்றறிக்கையில் பலமுறை சிங்களம். சேவைக்காலப் பயிற்சி என்றால் ஒருவர் பவர்பொயின்ற் போட்டு ஆங்கில வசனங்களை அப்படியே வாசிப்பார். பின்வரிசையில் இருப்பவர் கேள்வி கேட்கமாட்டார், கேட்டால் ஆங்கிலத்தில் கேட்கவேணும் என்ற பயம். கேள்வி கேட்காததை ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதுவார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது எந்த மண்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொல் உண்டாக்கினார், தமிழிலேயே கற்ற வைத்தியர்களை உருவாக்கினார். மிசனரிகளின் நோக்கம் பற்றி எங்களுக்கு விமர்சனம் உண்டு, அதை வேறொருநாள் கதைப்போம். ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன் மானிப்பாயில் ஏலுமாக இருந்தது இன்று ஏலாது என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சியா? மூன்று பக்கத்தில் தமிழில் ஒரு கைநூல், கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிடக்கூடிய ஒரு தாள். அதைச் செய்ய மொழித்துறைகளும் மருத்துவபீடங்களும் ஒரே மேசையில் இருந்தால் போதும். ‘வாண்மை’ மாதிரிச் சொற்களைத் தவிர்த்து.

இதுவரை வாசித்த தாதி அக்காமார் ஆராவது சந்தோசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தால், கொஞ்சம் நில்லுங்கோ. உங்களோடும் எங்களுக்குக் கதை இருக்கு. "நாங்கள் இருபது வருசமா இப்பிடித்தான் செய்யிறம்" என்ற வசனத்தை டொக்டர்மார் சொல்லித்தரவில்லை. புதிதாக வருகிற பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் "வந்து ரெண்டு நாள் ஆகேல்ல, அதுக்குள்ள எங்களுக்குப் படிப்பிக்க வாறா" என்று ரீ ரூமில் சொல்லிச் சிரிப்பது அமைச்சின் சுற்றறிக்கையில் இல்லை. உங்களுக்கு மேலே இருக்கிறவர் உங்களை வாய்மூடப் பண்ணுகிறார் என்ற உங்கள் முறைப்பாடு முழுக்க உண்மை. அதையே நீங்கள் உங்களுக்குக் கீழே இருப்பவருக்குச் செய்கிறீர்கள் என்பதும் உண்மை. சூமில் பெயரைக் காட்டிவிட்டுக் கமராவை மூடிவைத்துச் சமைக்கிறீர்கள். அதையும் பார்த்திருக்கிறோம். (நாங்களும் கொவிட் காலத்து விரிவுரைகளில் அதைத்தான் செய்தோம், அதனால் நியாயாதிபதியாக இருக்க வரவில்லை.) தொழிற்சங்கங்களின் பதாகைகளையும் வாசித்துப் பார்த்தோம். கொடுப்பனவு, பதவியுயர்வு, இடமாற்றம். எல்லாம் நியாயமானவை. கற்கும் நேரத்தைக் கடமை நேரமாக்கு என்ற வசனத்தை நாங்கள் பார்த்த எந்தப் பதாகையிலும் காணவில்லை.

இப்போது சிலர் தீர்வு என்று கொண்டுவருவது புள்ளி முறை. வருடத்துக்கு இத்தனை புள்ளி எடு, இல்லையென்றால் பதிவு புதுப்பிக்கப்படாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. சம்பளத்தோடு நேரம் கொடுக்காமல் புள்ளி கேட்டால் அது தாதிக்குப் போடுகிற தண்டப்பணம். காசிருக்கிறவர் காசு கொடுத்துச் சேட்டிபிக்கற் வாங்குவார். அரைமணிக்கொரு புள்ளி என்று விற்க ஆட்கள் வருவார்கள். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிற்கிற தாதி புள்ளிக்காகப் பஸ் ஏறுவா. அவ போன நேரம் அந்த விடுதியில் ஆர்?

இந்த இடத்தில் 2014இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் லிண்டா ஐக்கனும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையைச் சொல்லவேணும். ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், சத்திரசிகிச்சை செய்த நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. தாதியின் கல்வி உயிர் காக்கும் என்பதற்கு மேடைகளில் இதைக் காட்டுவார்கள். அதே கட்டுரையின் மற்றப் பாதி மேடைக்கு வருவதில்லை: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளியைக் கூட்டினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. ஐரோப்பா வேறு, இங்கே வேறு. அது பேசுவது பட்டப்படிப்பைப் பற்றி, சேவைக்காலப் பயிற்சியைப் பற்றியில்லை. ஆனாலும் ஒரு கையால் படிக்கச் சொல்லி மறு கையால் நோயாளரை ஏற்றிக்கொண்டு போகிற எங்கள் நிர்வாகங்களுக்கு அந்தக் கணக்கு விளங்கவேணும். ஒன்று கொடுத்ததை மற்றது தின்றுவிடும்.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. கற்கும் மணித்தியாலத்தை ரோஸ்டரில் எழுதுங்கள், கடமை நேரம் என்று எழுதுங்கள், அந்த நேரத்துக்கு விடுதிக்கு ஆள் போடுங்கள். பயிற்சியைக் கட்டிலுக்குப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், கடமை கையளிக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடம், தமிழில். படித்துவிட்டு வந்தவர் ஒரு மாற்றத்தைச் சொன்னால் அதை ஒரு புத்தகத்தில் பதிந்து, செய்தோமா இல்லையா, ஏன் என்று பதில் எழுதவேணும் என்ற ஒரு வழக்கத்தைத் தொடங்குங்கள். எட்டு மாதம் சேர்விஸ் உள்ளவர் இருபத்திரண்டு வருடம் சேர்விஸ் உள்ளவரிடம் "அக்கா, இதைத் தேய்க்கக்கூடாதாம்" என்று சொல்லவும், அவர் "அப்பிடியே, ஏன்?" என்று கேட்கவும் ஏலுமான ஒரு விடுதியை எங்கேயாவது உருவாக்கிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆராவது படிக்கமாட்டேன் என்றால் அவரின் மனப்பாங்கைப் பற்றி எழுதுங்கள், நாங்களே மொழிபெயர்த்துத் தருகிறோம்.

தோழியின் வினாக்கொத்தில் ஒரு கேள்வியைக் கூட்டச் சொல்லிக் கேட்டோம்: "கடைசியாக நீங்கள் படித்த எந்த விடயத்தை உங்கள் விடுதியில் செய்ய முடியாமல் போனது? ஏன்?" மேற்பார்வையாளர் விடவில்லை. தரப்படுத்தப்பட்ட வினாக்கொத்தாம், இடையில் ஒன்றைச் செருகினால் கணக்குப் பிழைக்குமாம். அவரின் பக்கமும் எங்களுக்கு விளங்குது. ஆகவே அந்தக் கேள்வியை இங்கே கேட்கிறோம். தாதி அக்காமார், அண்ணாமார், உங்கள் பதிலைத் தமிழில், பேச்சுத் தமிழில் எண்டாலும் பரவாயில்லை, எங்களுக்கு எழுதுங்கோ. பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். நைட் முடிஞ்சு நித்திரை கொண்டு எழும்பினாப் பிறகு எழுதினால் போதும்.